கேமிங்குக்கு ஒன்று, எடிட்டிங்குக்கு ஒன்று: ரைசன் 9800எக்ஸ்3டி, கோர் அல்ட்ரா 265கே, ரைசன் 9950எக்ஸ்3டி – எது யாருக்கு?

கடையில் போய் "கேமிங்கும் பண்ணணும், எடிட்டிங்கும் பண்ணணும்" என்று சொன்னால், பட்டியலிலேயே விலை கூடிய பிராசஸரைத்தான் எடுத்து வைப்பார்கள். கேட்டது அப்படி. ஆனால் கேமுக்கு வேண்டிய குணம் ஒன்று, எடிட்டிங்குக்கு வேண்டியது வேறொன்று. இரண்டுக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு ஒன்றை மட்டுமே பயன்படுத்துகிறவர்கள் நிறையப் பேர். அந்தக் காசு கிராபிக்ஸ் கார்டுக்கோ ரேமுக்கோ போயிருந்தால் பலன் கண்ணுக்குத் தெரிந்திருக்கும்.

இங்கே எடுத்துக்கொண்டவை மூன்று. ஏஎம்டியின் ரைசன் 7 9800எக்ஸ்3டி, 2024 நவம்பரில் 479 டாலருக்கு வந்தது. இன்டெலின் கோர் அல்ட்ரா 7 265கே, 2024 அக்டோபரில் 394 டாலருக்கு வந்தது. ரைசன் 9 9950எக்ஸ்3டி, 2025 மார்ச்சில் 699 டாலருக்கு வந்தது. மூன்றுக்கும் பெட்டியில் கூலர் கிடையாது. அதைத் தனியாகக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். விளையாட்டுதான் முதல் வேலை என்றால் 9800எக்ஸ்3டி. வீடியோ எடிட்டிங் சோறு போடுகிறது, விளையாட்டு ராத்திரிப் பொழுதுபோக்கு என்றால் 265கே. 9950எக்ஸ்3டி அருமையான பிராசஸர்தான், ஆனால் அது உண்மையிலேயே தேவைப்படுகிறவர்கள் கொஞ்சம் பேர்.

விளையாட்டு கேட்பது என்ன

144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஒரு ஃபிரேமுக்கு, அதாவது திரையில் வரும் ஒரு படத்துக்கு, கிடைக்கும் நேரம் சுமார் 6.9 மில்லிநொடி. 240 ஹெர்ட்ஸ் என்றால் 4.2 மில்லிநொடிதான். அதற்குள் யார் எங்கே நிற்கிறார்கள், எது எதன்மேல் மோதுகிறது, எதைத் திரையில் வரைய வேண்டும் என்பதையெல்லாம் பிராசஸர் கணக்குப் போட்டு கிராபிக்ஸ் கார்டிடம் கொடுத்தாக வேண்டும். இதில் பெரும்பகுதி ஒன்றிரண்டு த்ரெட்டில், அதாவது ஒன்றிரண்டு வேலை வரிசையில்தான் ஓடுகிறது. 16 கோர் (பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) வைத்திருந்தாலும் மீதிக் கோர்கள் காத்துக்கொண்டுதான் இருக்கும்.

அந்த ஒன்றிரண்டு த்ரெட்டும் அடிக்கடி தடுமாறுவது கணக்கில் இல்லை, தகவலை எடுத்து வருவதில். பிராசஸருக்குள் இருக்கும் எல்3 கேஷ் என்ற சின்ன வேக நினைவகத்திலிருந்து ஒரு தகவல் வர ஏறத்தாழ 10 நானோநொடி ஆகும். அங்கே இல்லாமல் ரேம் வரை போனால் 70, 80 நானோநொடி. விளையாட்டுகளில் தகவல் வரிசையாக இருப்பதில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும். அதனால் கேஷ் பெரிதாக இருந்தால் ரேமுக்கு ஓடுவது குறையும். சாதாரண எட்டு கோர் ரைசனில் எல்3 கேஷ் 32 எம்பி. எக்ஸ்3டி வகையில் இன்னொரு 64 எம்பி சில்லை ஒட்டி 96 எம்பி ஆக்கிவிடுகிறார்கள். மற்ற எதையும் விட இந்த 64 எம்பிக்குத்தான் நாம் கூடுதலாகப் பணம் கொடுக்கிறோம்.

முந்தைய 7800எக்ஸ்3டியில் அந்தச் சில்லு கோர்களின் தலைமேல் உட்கார்ந்திருந்தது. கோரின் சூடு அதைத் தாண்டித்தான் கூலருக்குப் போக முடியும் என்பதால் வேகத்தை 5.0 கிகாஹெர்ட்ஸோடு நிறுத்தியிருந்தார்கள். 9800எக்ஸ்3டியில் கேஷ் கோர்களுக்கு அடியில் போய்விட்டது. கோர் நேராக மேல்மூடிக்குச் சூட்டைக் கொடுக்கிறது, வேகம் 5.2 கிகாஹெர்ட்ஸ் வரை ஏறுகிறது, குறித்த வேகத்தைத் தாண்டி ஓட்டும் ஓவர்கிளாக்குக்கு இருந்த பூட்டும் திறந்துவிட்டது.

இந்தக் கேஷின் பலன் எங்கே தெரியும் என்றால், மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர், ஃபேக்டோரியோ, கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, பால்டர்ஸ் கேட் 3-இன் மூன்றாம் பாகத்து நகரம் போன்ற இடங்களில். சராசரி ஃபிரேமை விட முக்கியம் "1% லோ" என்ற எண், அதாவது மிக மெதுவான ஒரு சதவீத ஃபிரேம்களின் வேகம். சராசரி 140 காட்டும் மெஷினில் இந்த எண் 55 என்றால், தெருமுனையில் திரும்பும்போதும் வெடிச் சண்டையிலும் திரை ஒரு கணம் திக்கும். எக்ஸ்3டி பிராசஸர்கள் தூக்கிப் பிடிப்பது குறிப்பாக இந்தக் கீழ் எண்ணை.

வாங்குவதற்கு முன், இப்போது இருக்கும் மெஷினிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஆஃப்டர்பர்னர் மென்பொருள் மூலம் திரை ஓரத்தில் கிராபிக்ஸ் கார்டின் பயன்பாட்டைக் காட்டவிட்டு, வழக்கமாக விளையாடும் விளையாட்டை அரைமணி நேரம் ஆடுங்கள். கார்டு 95 முதல் 99 சதவீதத்திலேயே இருந்தால் பிராசஸர் தன் வேலையை முடித்துவிட்டுக் கார்டுக்காகக் காத்திருக்கிறது. புது பிராசஸர் போட்டால் ஒன்றும் மாறாது. 60, 70 சதவீதத்தில் தடுமாறினால், ஃபிரேம் வரம்போ, ஃபிரேமை மானிட்டர் வேகத்தோடு பூட்டும் வி-சிங்கோ போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் பிராசஸர்தான் பிடித்து இழுக்கிறது. மொத்தப் பிராசஸர் பயன்பாடு 40 சதவீதம் என்று காட்டுவதைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஒரே ஒரு த்ரெட் முட்டி நின்றாலும் 16 த்ரெட் பிராசஸரில் மொத்தக் கணக்கு குறைவாகத்தான் தெரியும்.

4கே மானிட்டர் என்றால் பிராசஸர் முக்கியமில்லை என்று எல்லோரும் சொல்வதில் பாதிதான் சரி. நேட்டிவ் 4கேயில் கார்டுதான் முட்டும். ஆனால் படத்தைச் சின்ன அளவில் வரைந்து பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ்ஸை பெர்ஃபாமன்ஸ் நிலையில் வைத்தால் உள்ளே வரைவது 1080பி அளவில்தான். கார்டின் பாரம் இறங்குகிறது, பிராசஸரின் பாரம் திரும்பி வருகிறது.

9800எக்ஸ்3டியின் குறை வெளிப்படையானது: எட்டு கோர்தான். சினிபெஞ்ச் ஆர்23 பல கோர் சோதனையில் இது 23,000-ஐ ஒட்டி நிற்கும்போது, 265கே 36,000 அருகிலும் 9950எக்ஸ்3டி 42,000 அருகிலும் போகின்றன. ஃபோட்டோஷாப்புக்கு இது பெரிதாகத் தெரியாது, அங்கே ஒன்றிரண்டு கோரின் வேகம்தான் பேசும். லைட்ரூமில் இரண்டாயிரம் கல்யாணப் படங்களை எக்ஸ்போர்ட் போடும்போது தெரியும்.

எடிட்டிங் மேஜையில் 265கே

265கே-யில் வேகக் கோர் 8, சிக்கனக் கோர் 12, ஆக 20. ஹைப்பர்த்ரெடிங்கை எடுத்துவிட்டதால் த்ரெட்டும் 20தான். ஆனால் எடிட்டர்களுக்கு இதை முன்வைக்கக் காரணம் கோர் எண்ணிக்கை அல்ல. உள்ளே இருக்கும் சின்ன கிராபிக்ஸ் பகுதியும், அதில் வீடியோ கோப்புகளைப் பிரித்துக் காட்டும் குவிக் சிங் வசதியும்தான்.

இன்றைய மிரர்லெஸ் கேமராக்கள் பல, லாக் (பிறகு நிறம் திருத்த வசதியாக மங்கலாகப் பதியும் முறை) வைத்து எடுக்கும்போது, நிறத் தகவல் அதிகம் உள்ள 10 பிட் 4:2:2 ஹெச்இவிசி என்ற சுருக்கிய வீடியோ கோப்புகளைத் தருகின்றன. நிறத் திருத்தத்துக்கு அது நல்லது. மெஷினுக்கு அது பாரம். ஏஎம்டி டெஸ்க்டாப் பிராசஸரின் உள்கிராபிக்ஸும், ஆர்டிஎக்ஸ் 40 வரையிலான என்விடியா கார்டுகளும் 4:2:2-ஐ வன்பொருளில் பிரிக்காது. அந்த வேலை அப்படியே கோர்களின் தலையில் விழும். இன்டெலின் குவிக் சிங் இதைப் பல தலைமுறையாகச் செய்துவருகிறது. முகூர்த்தத்தை மூன்று கேமராவில் எடுத்து, மூன்றையும் ஒரே டைம்லைனில் அடுக்கி வெட்டும்போது, திக்கித் திக்கி ஓடும் மெஷினுக்கும் தண்ணீர் மாதிரி ஓடும் மெஷினுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இதுதான்.

உங்கள் கோப்பு எந்த வகை என்று மீடியாஇன்ஃபோ மென்பொருளில் போட்டுப் பாருங்கள். ஹெச்இவிசி, 4:2:2, 10 பிட் என்று மூன்றும் இருந்தால் மேலே சொன்னது உங்களுக்குப் பொருந்தும். எட்டு பிட் 4:2:0 என்றால் எந்தக் கார்டும் அதைப் பிரித்துவிடும். குவிக் சிங்குக்காக இன்டெல் வாங்கத் தேவையில்லை.

265கே வாங்கியும் டைம்லைன் திக்குகிறது என்று புலம்புகிறவர்களின் மெஷினில் பெரும்பாலும் ஒரே தவறுதான் இருக்கும். தனி கிராபிக்ஸ் கார்டு போட்டவுடன் சில மதர்போர்டுகள் உள்கிராபிக்ஸை அணைத்துவிடும். பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) போய் ஐஜிபியு மல்டி மானிட்டர் என்ற அமைப்பை இயக்குங்கள். விண்டோஸில் இன்டெல் கிராபிக்ஸ் டிரைவரைத் தனியாகப் போடுங்கள். பிரீமியர் ப்ரோவில் ப்ரிஃபரன்சஸுக்குள் மீடியா பகுதியில் ஹார்டுவேர் டிகோடிங் இன்டெலுக்கும் டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு டாஸ்க் மேனேஜரைத் திறந்து இன்டெல் ஜிபியுவில் "வீடியோ டிகோட்" வரைபடத்தைக் கவனித்தபடி டைம்லைனை ஓடவிடுங்கள். அந்தக் கோடு எழுந்தால் சரி. அது தரையிலேயே கிடந்து சிபியு 90 சதவீதம் தாண்டினால் குவிக் சிங் வேலை செய்யவில்லை என்று பொருள்.

இன்னொரு கண்ணி: 265கேஎஃப். பெயரில் எஃப் இருந்தால் உள்கிராபிக்ஸ் கிடையாது. கொஞ்சம் விலை குறைவு என்று எடுத்துவிட்டால் எடிட்டருக்கு வாங்கின நோக்கமே போய்விடும்.

ஒரு மாற்றத்தையும் சொல்ல வேண்டும். 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 கார்டுகள் 4:2:2-ஐ வன்பொருளிலேயே பிரிக்கின்றன. அந்தக் கார்டு வாங்கப்போகிறவருக்கு இன்டெலின் இந்தச் சாதகம் பெருமளவு கரைந்துவிடுகிறது. பழைய 30, 40 வரிசைக் கார்டை வைத்துக்கொண்டு பிராசஸரை மட்டும் மாற்றுகிறவருக்குத்தான் 265கே இன்னும் தெளிவான தேர்வு. எதையும் மாற்றப் பணமில்லை என்றாலும் வழி இருக்கிறது: கோப்புகளை பாதி அளவில், எளிதாக ஓடும் ப்ரோரெஸ் ப்ராக்ஸி நகலாக்கிவிட்டு வெட்டுங்கள். டிஸ்கில் இடம் பிடிக்கும், ஆனால் ஐந்து வருடம் பழைய மெஷினிலும் ஓடும்.

விளையாட்டில் 265கே, 9800எக்ஸ்3டிக்குக் கிட்டே வராது. வெளியானபோது பல விளையாட்டுகளில் இன்டெலின் 14ஆம் தலைமுறையையே அதனால் எட்ட முடியவில்லை. கோர்கள் ஒரு சில்லிலும் மெமரி கன்ட்ரோலர் இன்னொரு சில்லிலும் இருப்பதால் ரேமுக்குப் போய்வரும் நேரம் கூடிவிட்டது ஒரு முக்கியக் காரணம். பிறகு வந்த பயாஸ், விண்டோஸ் அப்டேட்டுகள் கொஞ்சம் சரிசெய்தன. 2025 ஏப்ரலில் இன்டெல் கொடுத்த 200எஸ் பூஸ்ட் அமைப்பை ஆதரிக்கும் போர்டில், டிடிஆர்5-8000 வரையிலான ரேமோடு உள்வேகத்தையும் ஏற்றலாம், வாரன்டி போகாது. 60, 100 ஃபிரேமில் கதை விளையாட்டு ஆடுகிறவருக்கு 265கே தாராளமாகப் போதும். போட்டி விளையாட்டில் 240 ஹெர்ட்ஸ் துரத்துகிறவருக்குப் போதாது.

பதினாறு கோர் யாருக்கு

9950எக்ஸ்3டியின் விளம்பரத்தில் 128 எம்பி எல்3 என்று இருக்கும். அது ஒரே கேஷ் அல்ல. உள்ளே எட்டு எட்டு கோராக இரண்டு சில்லுகள். ஒன்றுக்கு 96 எம்பி, மற்றதற்கு 32 எம்பி. விளையாட்டு முதல் சில்லில் ஓடினால் 9800எக்ஸ்3டிக்குச் சமமாக நிற்கும். இரண்டாவதில் போய் விழுந்தால் சாதாரண ரைசன் மாதிரிதான். எதில் ஓட வேண்டும் என்பதை ஏஎம்டியின் சிப்செட் டிரைவரும் விண்டோஸின் எக்ஸ்பாக்ஸ் கேம் பாரும் சேர்ந்து முடிவு செய்கின்றன. விளையாட்டு ஓடும்போது இரண்டாம் சில்லின் கோர்களை உறங்க வைத்துவிடுகின்றன.

கேம் பாரை "தேவையில்லாத சாமான்" என்று நீக்கிவிட்டால் இந்த ஏற்பாடு குலைந்துபோகும். பழைய எட்டு கோர் ரைசனைக் கழற்றிவிட்டு அதே விண்டோஸில் இதைப் பொருத்தினாலும் சிக்கல் வரலாம். விண்டோஸைப் புதிதாகப் போட்டு, பயாஸ், சிப்செட் டிரைவர், கேம் பார் மூன்றையும் புதுப்பித்துவிடுங்கள். பிறகு ஒரு விளையாட்டை ஓடவிட்டு, ரிசோர்ஸ் மானிட்டரில் சிபியு பகுதியைப் பாருங்கள். பாதிக் கோர்களுக்குப் பக்கத்தில் "பார்க்டு" என்று இருந்தால் ஏற்பாடு சரியாக நடக்கிறது.

விளையாடவே மாட்டேன் என்றால் கூடுதல் கேஷ் இல்லாத 9950எக்ஸ் போதும். வேலை மென்பொருட்களில் பெரும்பாலானவற்றில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். 9900எக்ஸ்3டியை மட்டும் எடுக்கவே வேண்டாம். அதில் ஆறு ஆறாகப் பிரிந்திருக்கிறது. விளையாட்டுக்கு ஆறு கோர், வேலைக்குப் பன்னிரண்டு. இரண்டு பக்கமும் அரைகுறை.

பதினாறு கோரை உண்மையில் தின்கிற வேலைகள் எவை? கொரோனா ரெண்டரர் போன்று சிபியுவை மட்டும் நம்பும் ரெண்டரர்கள் (3டி காட்சியைப் படமாக்கும் மென்பொருட்கள்), பெரிய நிரல் தொகுப்பைக் கம்பைல் செய்வது, அன்ரியல் எஞ்சினில் ஷேடர் கம்பைல், ஹூடினி சிமுலேஷன், எக்ஸ்265 மென்பொருள் என்கோடிங். பிளெண்டர் இந்தப் பட்டியலில் இல்லை. அதன் சைக்கிள்ஸ் ரெண்டரரை என்விடியா கார்டின் ஆப்டிக்ஸில் ஓட்டினால் நடுத்தர ஆர்டிஎக்ஸ் கார்டே பதினாறு கோரைத் தாண்டிப் போய்விடும். ரெண்டர் செய்யும் காட்சி, கார்டின் மெமரிக்குள் அடங்காதபோதுதான் பிராசஸரின் முறை வரும். பிளெண்டருக்காக 9950எக்ஸ்3டி வாங்குவதை விட, எட்டு கோர் பிராசஸரும் 16 ஜிபி மெமரி உள்ள கார்டும் வாங்குவது எல்லா வகையிலும் மேல்.

இசைத் துறையினருக்கு ஒரு வார்த்தை. ஒரு டிராக்கில் அடுக்கும் ப்ளக்இன் வரிசை பெரும்பாலும் ஒரே கோரில்தான் ஓடும். கோர் எண்ணிக்கையை விடத் தனிக் கோர் வேகமும், டிரைவர் தாமதம் இல்லாத விண்டோஸும்தான் முக்கியம். சாதாரண 9700எக்ஸே அழகாக ஓடும்.

ரேம், சூடு, பொருத்தும்போது வரும் சிக்கல்

2025 இறுதியிலிருந்து டிடிஆர்5 விலை ஏறிய ஏற்றத்தில், ரேமில் செய்யும் தவறுதான் கையைச் சுடும். இந்த ரைசன்கள் பொருந்தும் ஏஎம்5 மேடையில் நான்கு ரேம் ஸ்லாட்டையும் நிரப்பாதீர்கள். ரைசன் 9000-க்கு ஏஎம்டி உறுதி தரும் வேகம் இரண்டு ரேம் குச்சிக்கு 5600, நான்கு குச்சிக்கு 3600தான். 64 ஜிபி வேண்டுமென்றால் 32 ஜிபி இரண்டு. சரியான வேகம் டிடிஆர்5-6000. 9800எக்ஸ்3டிக்குப் பெரிய கேஷ் இருப்பதால் சிஎல்30, சிஎல்36 என்ற தாமத அளவுகளின் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது, மலிவானதை எடுக்கலாம். எதை எடுத்தாலும் பயாஸில் எக்ஸ்போவை (ரேமை அச்சிட்ட வேகத்தில் ஓட்டும் அமைப்பு) இயக்காவிட்டால் பெட்டியில் 6000 என்று அச்சிட்டிருப்பது 4800-இல்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

எக்ஸ்போ போட்டு முதல்முறை இயக்கும்போது திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கும். மெமரியை அது பழக்கிக்கொள்கிறது. பயந்து பவரை அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பத்து நிமிடம் விட்டுவிடுங்கள்.

பழைய பி650 மதர்போர்டில் 9000 வரிசையைப் பொருத்தி ஒன்றுமே வரவில்லை என்றால் பிராசஸர் பழுதென்று முடிவுகட்ட வேண்டாம், பயாஸ் பழையது. பயாஸ் ஃப்ளாஷ்பேக் பொத்தான் உள்ள போர்டு என்றால், எஃப்ஏடி32-இல் ஃபார்மட் செய்த பென் டிரைவில் கோப்பைப் போட்டு, கையேட்டில் சொன்ன பெயருக்கு மாற்றி, அதற்கென்று குறித்த யூஎஸ்பி துளையில் செருகிப் பொத்தானை மூன்று நொடி அழுத்துங்கள். விளக்கு மின்னி நிற்கும்வரை கை வைக்காதீர்கள். புது பயாஸுக்கு இன்னொரு காரணமும் உண்டு: 2023-இல் சில போர்டுகள் எஸ்ஓசி (பிராசஸரின் மெமரி கன்ட்ரோலர் இருக்கும் பகுதி) வோல்டேஜை அதிகம் ஏற்றியதில் எக்ஸ்3டி பிராசஸர்கள் கருகின. பிறகு ஏஎம்டி அதை 1.3 வோல்ட்டுக்குள் அடக்கியது.

சூட்டைப் பொறுத்தவரை 9800எக்ஸ்3டி மிக நல்ல பிள்ளை. விளையாட்டில் பெரும்பாலும் 100 வாட்டுக்குள் அடங்கும்; இரட்டைக் கோபுர ஏர் கூலர் போதும். 265கே முழு பாரத்தில் 250 வாட் வரையும், 9950எக்ஸ்3டி 230 வாட் வரையும் இழுக்கும். ஏசி இல்லாத அறையில் மே மாத மதியம் 38 டிகிரி என்றால், 25 டிகிரி அறையில் எடுத்த அளவுகளோடு 13 டிகிரியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். 9950எக்ஸ்3டிக்கு பயாஸில் ஈகோ மோடை 105 வாட்டில் வைத்தால் உண்மையான இழுப்பு 142 வாட்டோடு நின்றுவிடும். ரெண்டர் வேகம் குறைவது கொஞ்சம்தான், விசிறிச் சத்தம் குறைவது நிறைய. வீட்டில் இருக்கும் 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். முழு பாரத்தில் இருக்கும்போது கரண்ட் போனால், பிராசஸரும் கார்டும் சேர்ந்து அதைத் தாண்டிவிடும்.

பழைய சாமான் பார்க்கிறவர்களுக்கு: இன்டெல் 13, 14ஆம் தலைமுறையின் கே வகைகள் மலிவாகக் கிடைக்கும். அதிக வோல்டேஜால் அவற்றில் சில நாளாவட்டத்தில் நிலை கெட்டன. இன்டெல் 2024-இல் மைக்ரோகோட் (பிராசஸருக்குள் ஓடும் உள்நிரல்) திருத்தங்கள் கொடுத்தது, வாரன்டியையும் இரண்டு வருடம் நீட்டி ஐந்தாக்கியது. ஆனால் கெட்டுப்போன பிராசஸரை மைக்ரோகோட் குணப்படுத்தாது. கார்டில் மெமரி தாராளமாக இருக்கும்போதே "வீடியோ மெமரி போதவில்லை" என்று அன்ரியல் விளையாட்டுகள் மூடிக்கொள்வதும், பெரிய ஜிப் கோப்பைப் பிரிக்கும்போது பிழை வருவதும், என்விடியா டிரைவர் பாதியில் நிற்பதும் அதன் அறிகுறிகள். பெட்டியும் பில்லும் இல்லாமல் அவற்றைத் தொடாதீர்கள். பெட்டியோடு கிடைத்தால், பணம் கொடுக்கும் முன் பயாஸில் மைக்ரோகோட் 0எக்ஸ்12பி அல்லது அதற்குப் பிந்தையதா என்று பாருங்கள். பிறகு 7-ஜிப்பின் பெஞ்ச்மார்க்கை அரைமணி நேரம் விடாமல் ஓட்டுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம்.